எட்டுத் திரைக்கு ஒரே கம்ப்யூட்டர்

சென்னை, 12.8.1986

அன்புள்ள அப்பாவுக்கு,

பெரியநாயகியின் வணக்கம். நான் சுகம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? கோட்டுச்சேரியில் மழை உண்டா?

இங்கே புதிதாகச் சேர்ந்த எட்டுப் பேருக்குப் பாடம் எடுக்கிறேன். திரைகள் எட்டு, கம்ப்யூட்டர் ஒன்றுதான். அது ஒருவர் வேலையைக் கொஞ்சம் செய்து நிறுத்திவிட்டு அடுத்தவருடையதை எடுக்கும். நொடிக்குள் எல்லாரையும் சுற்றிவந்துவிடும். நாலு தடவை சொல்லியும் நேற்று அவர்களில் ஒருவரான நீலகண்டன், “எனக்கு மட்டும் மெதுவா வருதுங்க” என்று கம்ப்யூட்டரையே அணைத்துவிட்டார். எட்டுப் பேரும் அதுவரை செய்திருந்ததெல்லாம் அழிந்துபோயிற்று. மேலாளர் என்னைத் திட்டினார். நான் நீலகண்டனைத் திட்டினேன்.

“பாதியில விட்டுட்டுப் போனா, எங்க விட்டோம்னு அதுக்கு எப்படிங்க தெரியும்?” என்றார் அவர்.

விட்ட இடத்தைக் கம்ப்யூட்டர் குறித்துவைத்துக்கொள்ளும் என்பதை நான் யாருக்குமே சொல்லியிருக்கவில்லை. அவரிடம் மன்னிப்புக் கேட்டேன்.

கொஞ்சம் வடகம் அனுப்புங்கள். கடிதத்தை நீளமாக எழுதுங்கள் அப்பா. போன கடிதம் மாடிப்படி ஏறுவதற்குள் தீர்ந்துவிட்டது. தபால் எடுக்கும் நேரம், முடிக்கிறேன்.

பெரியநாயகி