குறும்பாறையின் மூச்சுக்கு விலை பேசிய கழகத்துக்கு

பனிமுடி நிலவின் இருபத்தேழு குகையூர்களும் குளிரின்றி வாழ்க. அவ்வூர்களின் மூச்சுக்குக் காவலுடையாள், வெண்கோட்டை அரசி நன்முகை தேவி, விண்மீன்தோறும் கிடங்குடைய ஏழ்கோள் வாணிபக் கழகத்தின் தலைவர் மாண்புமிகு அரிமர்த்தனருக்கு விடுக்கும் ஓலை. தங்கள் கப்பல்கள் நலமே எம் துறைமுகத்தை விட்டு நீங்குக. நலமே ஊர் போய்ச் சேர்க.

சென்ற பனிக்காலத்தில் தாங்கள் குறும்பாறை ஊருக்கு ஒரு காற்றுப்பொறியைக் கொடையாக அனுப்பினீர்கள். எம் நாட்டில் காற்றுப்பொறி தருபவர் எவராயினும், ஊரார் பயன்கொள்ளுமுன், மூடிய அறையில் அதன் காற்றை ஏழு நாள் தாமே சுவாசித்துக் காட்டவேண்டும். அதற்கு முதல்மூச்சு என்று பெயர். தங்கள் முகவரோ தமக்கு உடல்நலம் குன்றியிருப்பதாகத் தெரிவித்தார். வந்த விருந்தினரை வருத்தலாகாது என்று யாமே அவருக்கு விலக்களித்தோம். அது எம் பிழை. அதை வேறு எவர் தலையிலும் கட்டமாட்டோம்.

மூன்று திங்கள் கழித்து, மருதி என்பாள் தன் தந்தையின் பாடையை மூவரோடு சுமந்து, தங்கள் பொறி எட்டாத பழைய இடுகாட்டுக் குகைக்குச் சென்றாள். நால்வரும் வாயிலிலேயே மூச்சுத் திணறி விழுந்தனர்; ஊருக்குள் இழுத்து வந்தபின்னரே மூச்சு மீண்டது. பிறந்த நாள் முதல் சுவாசித்த காற்று அவர்களுக்கு ஒவ்வாமற்போயிற்று. எம் பொறிவினைஞன் தாழையன் தங்கள் பொறியைப் பிரித்தான். உடன்படிக்கையில் சொல்லப்படாத பச்சைப் பொடி ஒன்று உள்ளே இருந்தது; அது கலந்த காற்றுக்குப் பழகியவர் வேறு காற்றில் வாழ இயலாது. மற்ற இருபத்தாறு ஊர்களுக்கும் அதே பொறியை அனுப்ப நாள் குறித்த தகடும் இருந்தது. தங்கள் அன்பு எம் நெஞ்சை அடைத்தது.

இப்போது, எம் நீருக்கு ஊற்றான பனிச்சுரங்கம் அனைத்தையும் கழகத்துக்கு எழுதித் தரவேண்டும் என்றும், மறுத்தால் கப்பலில் இருந்தபடியே பொறியை நிறுத்தி ஊரார் இருநூற்றுப் பன்னிருவரையும் மாளச் செய்வோம் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அதை ஊர் மன்றில் படிக்கச் செய்தோம். மருதி எழுந்து, தன் மூச்சுக்காக அரசி ஒப்பமிடுவதாயின் அந்த மூச்சே தனக்கு வேண்டாம் என்றாள்; பனியைப் பறிகொடுத்தபின் பிழைத்துக் கிடந்து என்ன செய்வது என்றும் கேட்டாள். எமக்கு அழுகை வந்தது. ஒருவரும் அவளை மறுக்கவில்லை.

ஆகவே அறிக. பொடி முழுவதையும் தாழையன் எடுத்துவிட்டான்; பொறி நின்றாலும் கையால் காற்றில் தூவ, அறுபது நாளுக்குப் போதும். நாளுக்குச் சிறிதாகக் குறைத்தால் பழைய காற்றுக்குத் திரும்பலாம் என்கிறான்; திரும்பாமல் இறக்கவும் கூடும். அச்சோதனையை ஊரார்மேல் முதலில் செய்ய விடோம். பொடி கண்ட நாள்முதல் யாம் குறும்பாறையிலேயே, அவர்கள் காற்றையே சுவாசித்து வாழ்கிறோம். எம் மூச்சும் இன்று அதற்குக் கட்டுப்பட்டது. நாளை காலை முதல் குறைப்பு எமக்கே.

இவ்வோலை தங்களை அடையும்போது எம் தங்கை வேள்நங்கை முடிசூடியிருப்பாள். எம் உயிருக்காகவும் ஒப்பமிடலாகாது என்பதே அவளுக்கு யாம் இட்ட கடைசி ஆணை. இலச்சினை மோதிரத்தை அவள் விரலில் இட்டுவிட்டமையால், இங்கே எம் பெருவிரல் ரேகையைப் பதித்தோம். பொறியை நிறுத்த விரும்பினால் இன்றே நிறுத்துக. பனி எமதே.