எந்த இடத்துச் சேறு?

நமுனுகுல,
14.6.1978

அன்பு மகன் ரெங்கசாமிக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், தங்கச்சிக்குத்தான் வயிற்றுக்கடுப்பு இன்னும் நிற்கவில்லை. கடற்காற்று உனக்கு ஒத்துக்கொள்கிறதா என்று மறைக்காமல் எழுது.

உன் கடிதத்தை நான் வாசிக்க அப்பா கேட்டார். சேற்றில் புழு எண்ணுவதற்கு ஒரு ஆபீஸா என்று வழக்கம்போல முதலில் சிரித்தார். நல்ல சேற்றில் பல சாதிப் புழு இருக்கும், அழுக்குச் சேரச்சேர மற்றதெல்லாம் செத்து ஒரு சின்னச் சிவப்புப் புழு மட்டும் பெருகும், அதை எண்ணினால் கடலின் அழுக்குத் தெரியும் என்று நீ இம்முறை விளக்கி எழுதியதை வாசித்ததும், “நாம தண்ணி புடிக்கிற பீலிக்குக் கீழயும் செவப்புப் புழு நெளியுதே புள்ள” என்றார்.

எனக்கு உறுத்துவது வேறு. மூன்று வருடமாக மீன் தொழிற்சாலைக் கழிவுக் குழாயடியில் சேறு அள்ளியவனை, இந்த மாதம் மட்டும் முனைக்கு அப்பால் சுத்தமான இடத்தில் அள்ளச் சொல்லி, குறிப்பில் பழைய இடத்தையே எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னாராம் உன் பெரிய ஐயா. அடுத்த வரியிலேயே தனி அறை கிடைத்ததென்று சந்தோஷப்படுகிறாய். இத்தனை நாள் சாமான் அறையில் படுக்கவிட்டவருக்குத் திடீரென்று என்ன பாசம்? பட்டம் படித்தவர்கள் நாலு பேர் இருக்கத் தோட்டக்காட்டான் கையெழுத்து எதற்கு? நாளைக்கு விசாரணை வந்தால் கைகாட்ட ஒருவன் வேண்டும், அதற்குத்தான்.

இந்த வித்தை எனக்குத் தெரியும். சித்திரையில் நம் லயத்து வீடுகளின் தண்ணீரைச் சோதிக்க ஆள் வந்தபோது கணக்கப்பிள்ளை என்னிடம் போத்தலைத் தந்து, “தொரை பங்களாக் கொழாயில புடிச்சிட்டு வா பாக்கியம், பீலித் தண்ணின்னு எழுதிக்கலாம்” என்றார். பிடித்துக் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன். தண்ணீர் சுத்தம் என்று கடுதாசி வந்துவிட்டது. இப்போது தங்கச்சியைத் தூக்கிக்கொண்டு போய்க் கேட்டால் அதைத்தான் காட்டுகிறார்கள். “நீதானே புடிச்ச” என்று சிரிப்பு வேறு. நாளைக் காலை வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் எல்லோர் முன்னாலும் உண்மையைச் சொல்லப்போகிறேன், வேலையை நிறுத்தினால் நிறுத்தட்டும்.

குழாயடியில் சிப்பி பொறுக்கும் பெண்களைப் பற்றி எப்போதும் எழுதுவாய், இம்முறை ஒரு வார்த்தை இல்லை. கையெழுத்துப் போட்டாயா என்பதும் இல்லை. போட்டுவிட்டாய் என்றுதான் சந்தேகப்படுகிறேன். போட்டிருந்தால், எந்த இடத்துச் சேறு என்று உன் கையாலேயே எழுதி மேலிடத்துக்குக் கொடு. வேலை போனால் பதுளை ரயிலேறி வா, கஞ்சி இருக்கிறது.

மாரியாத்தா உனக்குத் துணையிருக்கட்டும். ஈரக் காலோடு படுக்காதே. வேறெதுவும் எழுதாவிட்டாலும், போட்டேன், போடவில்லை, இரண்டில் ஒன்றை எழுது.

இப்படிக்கு உன் அம்மா,
பாக்கியலெட்சுமி