வெட்டிய நகம்

கோல்டு நாப்
மே மாதம், ஞாயிற்றுக்கிழமை மதியம்

அன்புள்ள கார்பெட்டுக்கு,

ரீவா எழுதுகிறேன். நானும் நாயும் கோழிகளும் சௌக்கியமாகத்தான் இருக்கிறோம். உங்கள் கை தேற வேண்டும் என்பதைத் தவிர இந்த வீட்டில் வேறு பிரார்த்தனை கிடையாது.

முதலில் டார்லாவுக்கு ஒரு வார்த்தை. கண்ணு, வழக்கம்போல் இதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டாதே. தாளை அவர் கையில் கொடுத்துவிட்டு நீ அடுப்படிக்குப் போய்விடு. வாய் குழறுகிறது என்று போன் பக்கமே வராத மனிதருக்குக் கண் நன்றாகத்தான் இருக்கிறது, தானே படிக்கட்டும். சில விஷயங்களை மகள் வாயால் கேட்கக் கூடாது.

கார்பெட், இந்த வருஷம் ஆப்பிள் கிடையாது. பூத்து முடிப்பதற்குள் உறைபனி விழுந்து எல்லாம் கருகிவிட்டது. பீன்ஸ் கொழுந்தை மான் மேய்ந்துவிட்டது, மறுபடி விதை போட்டிருக்கிறேன். மாட்டுக் கொட்டகையின் தகரம் காற்றில் தூக்கிக்கொண்டதை தர்மண்ட் வந்து ஆணி அடித்துக் கொடுத்தார். காட்டுப் பூண்டு பறித்து வந்து உருளைக்கிழங்கோடு வதக்கித் தின்றேன். வீடெல்லாம் நாறுகிறது என்று சிடுசிடுக்க ஆள் இல்லாததால் அதுவும் ருசிக்கவில்லை. உங்கள் லாரியை வாரம் ஒருமுறை ஓட்டுகிறேன். மேட்டில் ஏறும்போது இருமுகிறது, மற்றபடி பழுதில்லை.

இதையெல்லாம் எழுதுவது, எழுத வேண்டியதைத் தள்ளிப்போடத்தான். என்னை உங்களுக்குத் தெரியாதா.

செவ்வாய்க்கிழமை டார்லாவின் கடிதம் வந்தது. உங்கள் இடது கை இனிக் கோப்பை பிடிக்கும், சட்டைப் பொத்தான் போடும், பிடிலின் கம்பியில் விரல் ஓடுமளவுக்கு வராது, வீட்டுக்குப் போகலாம் என்று அந்தப் பயிற்சி கொடுக்கிற பெண் சொல்லிவிட்டாளாம். நீங்கள் கேட்கவில்லையாம். அவள் போன பிறகும் ரப்பர் பந்தை விடாமல் பிசைந்து பிசைந்து மணிக்கட்டு வீங்கிவிட்டதாம். வலியில் கண்ணீர் வழிய வழியப் பிசைகிறார் அப்பா என்று எழுதியிருக்கிறாள். வீட்டுக்குப் போகலாமே என்று கேட்டால் நீங்கள் சொன்ன பதிலையும் அப்படியே எழுதியிருக்கிறாள்: "எப்டிப் போறது? அவ எனக்காவ பெட்டியத் தொறக்காம ஒக்காந்திருக்கா. நான் வாசிக்காமப் போனா அவளும் வாசிக்க மாட்டாளே."

அந்தக் கடிதத்தை ஐந்து நாளாகப் பாவாடைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிகிறேன்.

என் பாஞ்சோப் பெட்டி திறந்துதான் இருக்கிறது, கார்பெட். குளிர்காலத்திலேயே திறந்துவிட்டேன்.

உங்களுக்குப் பக்கவாதம் வந்தபோது ஆஸ்பத்திரியில் அந்தச் சபதத்தை யாரும் என்னிடம் கேட்கவில்லை. உங்கள் கை போர்வை மேல் கிடந்த கிடையைப் பார்த்துவிட்டு நானேதான் வாய் கொடுத்தேன். "நீங்க பிடிலத் தூக்குற வரைக்கும் எம் பாஞ்சோவும் பெட்டிய விட்டு வெளிய வராது" என்றேன். அந்த நிமிஷம் அது சத்தியம்தான். வீட்டுக்கு வந்து பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். டார்லா உங்களைக் கைப்பயிற்சிக்காக ஒஹாயோவில் தன் வீட்டுக்குக் கூட்டிப்போன பிறகும், கிறிஸ்துமஸ் கழிகிற வரைக்கும் அது அங்கேயேதான் கிடந்தது.

ஜனவரியில் ஒரு சனிக்கிழமை தர்மண்ட் வாசலில் வந்து நின்றார். தீயணைப்புக் கூடத்தில் ஆட்டத்துக்கு ஜனம் கூடிவிட்டது, பக்கத்துப் பள்ளத்தாக்கிலிருந்து வர வேண்டிய பிடில்காரருக்குக் காய்ச்சல். ஆட்டத்துக்கு அடிகளைக் கூவிச் சொல்கிற மனிதர் எப்படிப் பேசுவார் என்று உங்களுக்குத் தெரியும். "ரீவா, டேப்பு போட்டா எவளுக்காச்சும் காலு எந்திரிக்குமா? நான் என்னதான் தொண்டை கிழியக் கத்துனாலும் தாளம் வேணுமில்ல. சும்மா வந்து டொங்கு டொங்குன்னு தட்டிட்டுப் போ தாயி, கார்பெட்டுக்கு நான் சொல்லிக்கிறேன்" என்றார். உங்களுக்கு அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டாம் என்று நான்தான் கேட்டுக்கொண்டேன்.

அன்றைக்கு நான் வாசித்தது படுமோசம். எனக்கு மெட்டே வரவில்லை. நாம் சேர்ந்து வாசிக்க ஆரம்பித்த புதிதில் நீங்கள் சொன்னது ஞாபகம் இருக்கிறதா? "மெட்டு எம் பாடு, தாளம் ஒம் பாடு. குறுக்க வந்து எங் கால இடறாத." நானும் இடறியதே இல்லை. ஒற்றை விரலில் வளர்த்த நகத்தால் கீழ்நோக்கி ஒரு அடி, மறுபடி ஒரு வருடல், கட்டைவிரல் அந்தக் குட்டைக் கம்பியில் ஒரு டங். இத்தனை வருஷமாக அதுவே என் வேலை, உங்கள் பிடில் அதன் மேல் ஓடும். பிடிலை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது வெறும் வண்டிச் சத்தம். ஜோடிகள் எங்கே திரும்புவது என்று தெரியாமல் ஒருவரோடொருவர் முட்டிக்கொண்டார்கள். முடிந்ததும் தர்மண்ட், "நீ வாசிச்சது ஆட்டத்துக்கா, அடக்கத்துக்கா?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அழுதேன்.

அதோடு விட்டிருந்தால் நான் மன்னிக்கத்தக்கவள். அவசரத்துக்கு ஒரு நாள் வாசித்தாள், போகட்டும் என்று நீங்களே சொல்லியிருப்பீர்கள். ஆனால் திங்கட்கிழமை காலையில் துணி துவைக்கும் கொட்டகைக்குப் பாஞ்சோவை எடுத்துப் போனேன். பக்கத்து வீட்டு ஓமாவுக்குச் சத்தம் கேட்கக் கூடாதென்று அதன் முகத்தில் இழுத்துக் கட்டிய தோலுக்குப் பின்னால் ஒரு கம்பளிக் காலுறையைத் திணித்துக்கொண்டேன். உங்களுடைய காலுறைதான். கைக்கு அதுதான் கிடைத்தது.

தாளத்தோடு மெட்டும் வர வேண்டுமென்று கட்டைவிரலை இறக்கப் பழகினேன். குட்டைக் கம்பியிலேயே குந்தியிருக்கிற அந்த விரல் கீழே இறங்கி உள்கம்பியைத் தொட்டு, நகம் அடுத்த அடி அடிப்பதற்குள் தன் இடத்துக்குத் திரும்ப வேண்டும். சொல்லும்போது சுலபம். என் கட்டைவிரலோ இறங்கினால் ஏற மறுத்தது, ஏறினால் இறங்க மறுத்தது. நினைத்து நினைத்து இறக்கினால் தாளம் நொண்டியது. சலவை ஊறுகிற நேரமெல்லாம் அதே இரண்டு அடியைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். லாரியில் போகும்போது ஸ்டியரிங்கில் தட்டினேன், சர்ச்சில் பாட்டுப் புத்தகத்தின் அட்டையில் தட்டினேன். ஒரு நாள் மழைக்கு முன்னால் துணியை எடுக்க வேண்டுமே என்று யோசித்துக்கொண்டே வாசித்தபோது, விரல் தானாக இறங்கித் தானாக ஏறியது. அடியும் மெட்டும் ஒரே கையிலிருந்து வந்தன. எழுந்து கொட்டகைக் கதவைத் திறந்து வெளியே பார்த்தேன், யாராவது கேட்டிருப்பார்களா என்று. கேட்டிருக்க வேண்டும் என்று இருந்தது எனக்கு.

காலுறையை உருவிப் போட்டேன்.

அதன் பிறகு ஒரு சனிக்கிழமை விடவில்லை. இப்போது தனி பாஞ்சோவுக்கே கூடம் நிறைகிறது. தர்மண்ட் நக்கலை நிறுத்திவிட்டார். ஓமாதான் என் விரலைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "ஒத்த வெரல்ல மட்டும் நகம் வளக்குறாளாம், கள்ளி. புருஷன் திரும்பி வரட்டும், இருக்கு ஒனக்கு" என்று கேலி செய்தாள். அவளுக்கு அது விளையாட்டு. நான் அன்று முழுக்கக் கையைப் பாவாடைப் பைக்குள்ளேயே வைத்திருந்தேன்.

இதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பாதி உண்மைதான் எழுதினேன் என்றாகும். நான் சந்தோஷமாக இருந்தேன், கார்பெட். நீங்கள் அங்கே பந்து பிசைந்து அழுத நேரத்தில் நான் இங்கே சந்தோஷமாக இருந்தேன். உங்கள் பிடில் சுவரில் தொங்குகிறது. அதைப் பார்க்காமல் வாசலைக் கடக்கப் பழகிக்கொண்டேன்.

இனி ஈஸ்டர்.

உங்களைப் பார்க்க பஸ் ஏறுவதற்கு முன்தினம், சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து அந்த நகத்தை ஒட்ட வெட்டினேன். என்ன செய்கிறேன் என்று தெரிந்தேதான் வெட்டினேன். ஊரில் எவரையும் ஏமாற்றலாம், இத்தனை வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தவரிடம் அந்த நகம் என்னைக் காட்டிக்கொடுத்துவிடும். நினைத்தபடியே ஆயிற்று. நான் கோட்டைக் கழற்றுவதற்குள் நீங்கள் என் வலது கையை இழுத்து, அந்த விரல் நுனியைத் தடவிப் பார்த்தீர்கள். "நெகம்... ஒட்ட வெட்டிட்டியா, ரீவா" என்று குழறினீர்கள். உங்கள் கண் நிறைந்துவிட்டது. சபதத்தைக் காப்பாற்றுகிறாள் என்று நினைத்தீர்கள். நான் ஒன்றும் சொல்லாமல் உங்கள் கண்ணைத் துடைத்துவிட்டேன். பொய்யே சொல்லாமல் எவ்வளவு பெரிய பொய்யைச் சொல்லிவிட்டேன் பாருங்கள்.

திரும்பி வந்தவள் வெட்கப்பட்டாவது உட்கார்ந்தேனா? நகம் மறுபடி வளர வாரக்கணக்கில் ஆகுமே என்ற எரிச்சல்தான் முதலில் வந்தது. ஒரு பிங்பாங் பந்தை வெட்டி, அந்தத் துண்டைப் பசை போட்டு விரலில் ஒட்டிக்கொண்டு, அந்தச் சனிக்கிழமையே வாசித்தேன்.

நான் வந்துபோன பிறகுதான் நீங்கள் பந்தை இரட்டிப்பாகப் பிசைய ஆரம்பித்தீர்கள் என்று டார்லா எழுதியிருக்கிறாள். நான் வெட்டிய நகத்துக்காக உங்கள் கை வீங்கிக் கிடக்கிறது. இதை நினைத்தால் எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருக்கிறது. சொன்னால் பந்தைத் தூக்கி எறிந்துவிடுவீர்களோ, மனம் விட்டுவிடுவீர்களோ என்று பயந்து இத்தனை நாள் சொல்லவில்லை. இன்னும் சொல்லாமலிருந்தால் கையை நிரந்தரமாகக் கெடுத்துக்கொள்வீர்கள். எனக்காக வலியைத் தாங்குகிறீர்கள், அந்த வலிக்குக் காரணமே இல்லை. தயவுசெய்து பந்தைக் கீழே வையுங்கள்.

வீட்டுக்கு வந்துவிடுங்கள். பிடில் இல்லாமல் வாருங்கள். கோப்பை பிடிக்கிற கை எனக்குப் போதும். ஜூன் முதல் சனிக்கிழமை டார்லா காரில் கொண்டுவந்து விடட்டும், பீன்ஸும் சோள ரொட்டியும் செய்து வைக்கிறேன்.

வந்தால் கூடத்துக்கு என்னோடு வர வேண்டும். பரிதாபத்துக்குக் கூப்பிடவில்லை, எனக்கு ஆள் தேவைப்படுகிறது. மெட்டு எப்போது முடியும் என்பதை எந்நாளும் நீங்கள்தான் காலைத் தூக்கிக் காட்டுவீர்கள், அந்தச் சுற்றோடு நான் நிறுத்துவேன். எனக்கு நிறுத்தத் தெரியவில்லை, கார்பெட். ஆடுகிறவர்களுக்கு மூச்சு முட்டி, தர்மண்ட் தொப்பியை என் மேல் வீசுகிறவரை வாசித்துக்கொண்டே இருக்கிறேன். "அந்தாளு காலுதான் ஒனக்குக் கடிவாளம்" என்கிறார் தர்மண்ட். உங்கள் வலது காலுக்கு ஒன்றும் ஆகவில்லையே. பக்கத்தில் உட்காருங்கள்.

உங்களுக்குக் கோபம் வரும். வர வேண்டும். பேசாமல் இருங்கள், திட்டுங்கள், ஒரு மாதம் என் முகத்தைப் பார்க்காதீர்கள், எல்லாவற்றுக்கும் நான் தகுதியானவள்தான். பெட்டியை மூடு என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். சொன்னால் மூடிவிடுவேன். இவ்வளவு செய்துவிட்டு மறுக்க எனக்கு வாய் ஏது? மூடிவிட்டு உங்களுக்கு ரொட்டி சுட்டுப் போடுவேன், பொத்தான் போட்டுவிடுவேன், சிரித்துக்கொண்டே இருப்பேன், சாகிறவரை உங்களை மன்னிக்க மாட்டேன். அதனால் உங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன், அந்த ஒரு வார்த்தை வேண்டாம்.

மலை இறக்கத்தில் மெதுவாக வரச் சொல்லுங்கள் டார்லாவை. ஆண்டவர் வழியெல்லாம் உங்களோடு இருந்து, நம் வாசலில் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

என்றும் உங்களுடைய,
ரீவா