பொட்டு வைத்த லேப்டாப்

கடைக்காரர் லேப்டாப் திரையில் துடைக்கிற மருந்தை அடித்து, ஒரு நீலத் துணியால் துடைத்தார். குப்பென்று எலுமிச்சை வாசம். நாம் வருஷக்கணக்காக ஆபீஸ் மேசைகளைத் துடைத்த அதே மருந்து. அவர் துணியை வட்டவட்டமாகச் சுழற்றிக்கொண்டிருந்தார். "மேலேருந்து கீழ இழுங்க, இல்லாட்டி கோடு விழும்" என்று நீ என் தோளுக்குப் பின்னால் நின்று சொன்னது போலவே இருந்தது. திரும்பிப் பார்த்தேன். உன் மகள்தான் நின்றாள். நீ போன பிறகு உன் முகம் அப்படியே அவளுக்கு வந்துவிட்டது. உன் கோபம் மட்டும் இன்னும் வரவில்லை.

இது நேற்று நடந்தது. இன்று ஞாயிற்றுக்கிழமை, எனக்கு வேலை இல்லை, உன்னிடம் சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை. ஆறாம் வகுப்போடு நின்ற கை, எழுத்து கோணலாகத்தான் வரும். "அக்கா, இது எழுத்தா, கோழி சீய்ச்சதா?" என்று கேட்பாய். கேளேன். என்னை யாராவது கிண்டல் பண்ணி ரொம்ப நாளாகிவிட்டது. ஊரையே நான்தான் கிண்டல் பண்ணுகிறேன் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பதிலுக்கு வாயடிக்க நீ இல்லாமல் அது பாதிக் கிண்டல்தான்.

நாளைக்கு உன் மகள் தர்ஷினிக்குக் கல்லூரி. கணக்கியல் டிப்ளோமா. பாடம், பரீட்சை எல்லாமே லேப்டாப்பில்தானாம். முதல் நாளே கொண்டு வரவேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். கூட்டுச் சீட்டில் என் முறை வெள்ளிக்கிழமைதான் வந்தது. பணத்தைக் கையில் வாங்கியதும் சனிக்கிழமை காலையே அவளை இழுத்துக்கொண்டு கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்கு ரயில் ஏறினேன். லேப்டாப் இல்லையென்றால் கல்லூரி இல்லை. கல்லூரி இல்லையென்றால் அவளும் நம்மைப் போல வாளியும் மாப்பும்தான்.

என்ன வாங்கவேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதைத்தான் நீயும் நானும் என்றைக்கோ முடிவு செய்துவிட்டோமே.

உனக்கு ஞாபகம் இருக்கும். சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கத்துக் கட்டடம், ஆபீஸ்காரர்கள் வருவதற்கு முன் நாம் போய்விடுவோம். முதல் நாளே சூப்பர்வைசர் சொன்னது ஒன்றுதான்: மேசையைத் துடைக்கலாம், மேசையில் இருக்கிற மெஷினைத் தொடக்கூடாது. தொட்டுக் கெட்டால் சம்பளத்தில் பிடிப்பார்கள். அதனால் லேப்டாப்பைச் சுற்றிச் சுற்றித் துடைப்போம், பிள்ளையாரைச் சுற்றுகிற மாதிரி. "தோப்புக்கரணம் மட்டும்தான் பாக்கிடி" என்பேன். நீ நிஜமாகவே காதைப் பிடித்து ஒன்று போட்டுக் காட்டினாய். நான் சிரித்த சிரிப்பில் வாளி கவிழ்ந்து கார்ப்பெட் நனைந்து, அன்றைக்கு இருவருமே வாங்கிக் கட்டிக்கொண்டோம்.

அந்த மாடியில் முக்கால்வாசி மேசைகள் காலையில் வெறுமையாகத்தான் கிடக்கும். சில மேசைகளில் மட்டும் ஒரு கறுப்பு லேப்டாப் இருக்கும். தடியாக, நடுவில் எழுத்துகளுக்கு மத்தியில் சிவப்பாக ஒரு புள்ளி வைத்தது. "பொட்டுக்காரி" என்று அதற்குப் பெயர் வைத்ததே நீதான். ஒருநாள் துணியைப் பிழிந்துகொண்டே சொன்னாய்: "அக்கா, பாருங்க. மத்த லேப்டாப்பை எல்லாம் பயந்து பயந்து வீட்டுக்குத் தூக்கிட்டுப் போறாங்க. பொட்டுக்காரியை மட்டும் தெகிரியமா விட்டுட்டுப் போறாங்க. வலுவான சாமானா இருந்தாத்தானே அப்படி விடுவாங்க? தர்ஷினி படிக்கப் போறப்ப இதான் வாங்கணும்."

நானும் தலையாட்டினேன். எனக்கு மட்டும் என்ன பெரிசாகத் தெரிந்தது? பொட்டு வைத்திருக்கிறதே, நம் இனம்தான் என்று வேறு சேர்த்துவிட்டேன்.

கிள்ளான் ஆஸ்பத்திரியில் சர்க்கரை உன் சிறுநீரகத்தைத் தின்று முடிக்கிற நேரத்திலும் நீ அதைத்தான் சொன்னாய். "அக்கா, பொட்டுக்காரியை வாங்கிக் குடுத்துருங்க." நான் வழக்கம்போல, "எழுந்து வந்து நீயே வாங்கிக் குடு. நான் என்ன உன் பேங்க்கா?" என்றேன். சிரித்தாய். நான் பார்த்த உன் கடைசிச் சிரிப்பு அது. உன் மகளும் கட்டில் ஓரத்தில் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

நேற்றுக்கு வருகிறேன். கோலாலம்பூரில் ஒரு மால் முழுக்க லேப்டாப் கடைகள். ஒரு கடையில் விலையைக் கேட்டதும் நன்றி சொல்லி வெளியே வந்துவிட்டோம். அடுத்த கடையில் மலிவு விற்பனையில் புத்தம் புதுசு ஒன்று இருந்தது. தர்ஷினி அதைத் திறந்து ஏதோ ஒரு பக்கத்தைத் தட்டினாள். அது சுற்றுகிறது, சுற்றுகிறது, அதற்குள் சோறு வடித்து இறக்கிவிடலாம். "என்ன தம்பி, இது யோசிச்சுத்தான் பதில் சொல்லுமா?" என்று கேட்டேன். கடையில் எல்லாரும் சிரித்தார்கள். தர்ஷினி சிரிக்கவில்லை. அதை மெதுவாக மூடி வைத்தாள்.

எலுமிச்சை வாசம் வந்தது அதற்கடுத்த கடையில். தாடி வைத்த, நம் ஆள் ஒருவர் இருந்தார். பழைய லேப்டாப்புகளைச் சரிசெய்து விற்கிறவர். "பொட்டுக்காரி இருக்காளா?" என்று கேட்டேன். அவர் விழித்தார்.

"கீபோர்டு நடுவுல செவப்பா ஒரு புள்ளி இருக்குமே அங்கிள், அது" என்றாள் தர்ஷினி.

"ஓ, அதா? ஆபீஸ்ல கழிச்சுப் போட்டது ஒன்னு கிடக்கு. ரொம்பப் பழசு."

உள்ளேயிருந்து கொண்டுவந்து வைத்து, வயரைக் குத்தி ஓடவிட்டார். அவளேதான்! உன் மகள் குனிந்து அந்தச் சிவப்புப் புள்ளிமேல் விரலை வைத்தாள். இத்தனை மாதத்தில் அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்க்கவில்லை. விலையும் நம் கைக்கு அடக்கம். "பில்லைப் போடுங்க தம்பி" என்றேன். உன் வேலையை முடித்துவிட்டேன் என்று நெஞ்சு நிமிர்ந்தது.

அவர் பில் போடவில்லை. "எங்க வெச்சு யூஸ் பண்ணப் போறாங்க ஆன்டி?"

"கிளாஸ்ல, ரயில்ல, எல்லா இடத்துலயும்தான். தினமும் கிள்ளான்லேருந்து வரணுமே."

அவர் சுவரிலிருந்து வயரைப் பிடுங்கினார். திரை அந்த நிமிஷமே கறுத்துவிட்டது. "பேட்டரி செத்துப்போச்சு. மாத்தினாலும் உள்ள இருக்கிறது எல்லாம் பழசு. இப்ப காலேஜ்ல குடுக்கிற புரோகிராமை ஏத்தினா மூச்சு வாங்கும். நான் வித்துருவேன் ஆன்டி, அப்புறம் நீங்கதான் என்னைத் திட்டுவீங்க."

எனக்குக் கோபம் வந்தது. உன்னைக் குறை சொன்ன மாதிரி இருந்தது. "உங்களுக்குத் தெரியாது தம்பி. நாங்க ஆபீஸ்ல வேலை செய்யறவங்க. காலையில போனா மத்த எதுவும் மேசையில இருக்காது. இதை மட்டும் நம்பி விட்டுட்டுப் போயிருப்பாங்க. அவ்வளவு வலுவான சாமான் இது."

அவர் சிரித்துவிட்டார். நல்ல மனுஷன்தான், நக்கலாகச் சிரிக்கவில்லை. "ஐயோ ஆன்டி, நல்லதா இருந்தா பேக்ல போட்டு வீட்டுக்குக் கொண்டுபோயிருப்பாங்க லா. தூக்க மனசு வராம விட்டுட்டுப் போனதைத்தான் நீங்க பாத்திருக்கீங்க. நல்லதை யாரும் விட்டுட்டுப் போக மாட்டாங்க."

நல்லதை யாரும் விட்டுவிட்டுப் போகமாட்டார்களாம். நீ போனாயே. உன் மகளும் அதைத்தான் நினைத்தாளோ என்னவோ, சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நான் அங்கேயே நின்றேன். இத்தனை வருஷம் நாம் சுற்றிச் சுற்றிக் கும்பிட்டது, வேண்டாமென்று வைத்துவிட்டுப் போன சாமானையா? நல்லதெல்லாம் நாம் வருவதற்கு முன்னாடியே பையில் ஏறி வீட்டுக்குப் போயிருக்கிறது. நம் கண்ணில் பட்டதே இல்லை. நீயும் நானும் அவ்வளவு விவரமாகப் பேசிப் பேசி முடிவெடுத்தோமேடி!

"இதையே எடுத்துருங்க பெரிம்மா" என்றாள் தர்ஷினி. "அம்மா சொன்னது இதுதான். நான் எப்பவும் வயரைக் குத்தியே வெச்சுக்கறேன்."

"ரயில்ல எங்கடி குத்துவ? என் மூக்குலயா?"

அதற்கும் சிரிக்கவில்லை. "அப்ப ஒன்னும் வேணாம். சூப்பர்மார்க்கெட்ல கேஷியர் வேலைக்குக் கேட்டுட்டேன். திங்கக்கிழமை வரச் சொல்லிட்டாங்க. அம்மா சொன்னது இல்லாம வேற எதுவும் எனக்கு வேணாம். நான் வேலைக்குப் போறேன்."

சொல்லிவிட்டுக் கடைக்கு வெளியே போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாள். என்னைத் தெரியும் உனக்கு, எந்த இடத்திலும் ஏதாவது ஒன்று சொல்லிச் சமாளித்துவிடுவேன். நேற்று என் கிண்டல் எதுவும் பலிக்கவில்லை. இந்த லேப்டாப்பை வாங்கினால் அவள் படிப்பு ஒரு மாதத்தில் படுத்துவிடும். வாங்காவிட்டால் திங்கட்கிழமையே கேஷியர் சட்டையை மாட்டிவிடுவாள். உன் பேச்சைக் கேட்டால் உன் ஆசை நிறைவேறாது. இப்படி ஒரு இக்கட்டில் என்னை மாட்டிவிட்டு நீ நிம்மதியாகப் போய்ப் படுத்துக்கொண்டாய். எனக்கு உன்மேல் ஆத்திரமாக வந்தது. செத்தவள்மேல் கோபப்படலாமா என்று கூட யோசிக்கவில்லை.

போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"தர்ஷினி, உங்கம்மாவுக்கு லேப்டாப்பைப் பத்தி ஒரு மண்ணும் தெரியாது."

அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அப்போதுதான் உன் கோபமும் அவளிடம் வந்து சேர்ந்தது.

"முறைக்காதே. எனக்கும் தெரியாது. அந்த மேசை முன்னாடி ஒரு நாற்காலி இருக்கும், சக்கரம் வெச்சது. அதுல நாங்க ஒருநாள்கூட உட்கார்ந்ததில்லடி. நின்னுக்கிட்டேதான் பாத்தோம். நின்னுக்கிட்டுப் பாக்கறவங்களுக்கு உள்ள என்ன இருக்குன்னு எப்படித் தெரியும்? அவ பொட்டைப் பாத்தா, புடிச்சுப்போச்சு. நான் கூடச் சேர்ந்து ஆமாம் போட்டேன். ரெண்டு முட்டாளுங்க சேர்ந்து எடுத்த முடிவு அது."

"அம்மா தப்பாச் சொன்னாங்கன்னு சொல்றீங்களா?"

"ஆமா. தப்பாத்தான் சொன்னா. இப்ப இங்க இருந்தா, தெரிஞ்சதும் முதல்ல அவதான் சிரிச்சிருப்பா. உனக்கு எது வேணும்னு எனக்குத் தெரியாது. உனக்குத் தெரியுமா?"

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்: "தெரியும் பெரிம்மா. போன்ல நிறைய வீடியோ பாத்தேன். அம்மா சொன்னதை மாத்தக்கூடாதுன்னுதான் சொல்லல."

பார்த்தாயா! இத்தனை நாள் எல்லாம் தெரிந்துகொண்டே வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறாள், உனக்காக.

உள்ளே போனதும் அவள்தான் பேசினாள். ரேம் எவ்வளவு, பேட்டரி எத்தனை மணி நேரம் தாங்கும், வாரன்டி எத்தனை மாதம், பிறகு ரேமைக் கூட்ட முடியுமா, முடியாதா என்று. எனக்கு ஒன்றும் புரியவில்லை. கடைக்காரர் என்னை விட்டுவிட்டு அவளைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார். கடைசியில் சாம்பல் நிறத்தில், மெலிசாக, சரிசெய்த பழைய லேப்டாப் ஒன்றை எடுத்தாள். மூடியில் ஒரு கீறல். பொட்டு கிடையாது, ஒன்றும் கிடையாது. வயரைப் பிடுங்கினாலும் திரை எரிந்துகொண்டே இருந்தது. கூட்டுப் பணம் அத்தனையும் அங்கேயே போனது. ரயிலில் வரும்போது அதை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே வந்தாள். நான் நெருங்கி உட்கார்ந்தால் ஜன்னல் பக்கம் நகர்ந்துகொண்டாள். நான் உன்னைப் பொய்யாக்கியதை இன்னும் மன்னிக்கவில்லை என்றுதான் நினைத்தேன்.

இன்று மத்தியானம் சமைத்துக்கொண்டிருந்தபோது அறையிலிருந்து கூப்பிட்டாள். "பெரிம்மா, பேர் கேக்குது!"

ஈரக் கையோடு ஓடினேன். திரையில் காலியாக ஒரு கட்டம். "உன் பேரைத்தான் போடேன்" என்றேன். ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினாள். நான் காத்துக்கொண்டு நின்றேன். நம் பிள்ளைகள் எங்கே பெயர் எழுதினாலும், இன்னாருடைய மகள் என்று சேர்த்து எழுதித்தானே ஆகவேண்டும்? பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான், ஆஸ்பத்திரியிலும் அப்படித்தான். உன்னை விட்டுவிட்டு ஓடின அந்த மனுஷன் பெயர் வரும்போதெல்லாம் அவள் பேனா ஒரு நொடி நிற்கும். உன் பேனாவும் நிற்கும், நான் பார்த்திருக்கிறேன்.

"அப்பா பேரைக் கேக்கலியாடி?"

"இல்ல பெரிம்மா. என் பேர் மட்டும் போதுமாம்."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தாள். நேற்றைக்கும் சேர்த்து.

எனக்கு இன்னும் பயம்தான். வாரன்டி தீர்ந்த மறுநாளே அது நின்றுபோனால் வேறு வாங்க என்னிடம் வழி இல்லை. அவள் கல்லூரியில் திணறினால் சொல்லிக்கொடுக்க எனக்குப் படிப்பும் இல்லை. உன் வாக்கை மீறி எடுத்த சாமான் அது. சரியாகவே ஓடினாலும் அதற்காக ஒருதரம் நீ என்னைத் திட்டவேண்டும். "அக்கா, உங்ககிட்ட ஒன்னே ஒன்னுதானே சொன்னேன்!" என்று உன் குரலில் முழுசாக ஒரு திட்டு. அதை இன்னும் வாங்காமலேதான் சுமந்துகொண்டு திரிகிறேன்.