இரண்டு கிளாவருக்குப் பாஸ் சொன்னவர்

காரிமங்கலம்,
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள மாமாவுக்கு,

மேகலை எழுதுகிறேன். இங்கே நானும் அத்தையும் சௌக்கியம். மஸ்கட் வெயிலில் நீங்களும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். தினமும் போனில் பேசுகிற பெண்டாட்டிக்குக் கடிதம் எதற்கு என்று சிரிக்காதீர்கள். போனில் பேசும்போது உங்கள் அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். அவர் இல்லாவிட்டாலும் இதைச் சொல்ல ஆரம்பித்தால் அழுதுவிடுவேன். உங்கள் அறைக்கார முருகேஷ் லீவு முடிந்து வெள்ளிக்கிழமை கிளம்புகிறாராம், அவரிடம் கொடுத்தனுப்புகிறேன். பிரிக்காமல் தருவார் என்று நம்புகிறேன்.

அத்தைக்கு முழங்கால் வலி தேவலை. இரண்டு நாள் நல்ல மழை. சந்தையில் தக்காளி சீப்படுகிறது.

ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல ஜானகியம்மாள் டாக்டர் வீட்டில் பிரிட்ஜ் சீட்டு ஆடினோம். டாக்டரும் அவர் தம்பி குருவும் ஒரு ஜோடி. எனக்கு ஜோடி, உங்கள் நாற்காலியில் இப்போது உட்காருகிற குப்புராஜ் அண்ணன். ரோட்டோரப் புளியமரங்களை ஏலம் எடுப்பவர் என்பதால், இந்த ஆட்டத்தில் ஏலம் கேட்பதெல்லாம் தனக்கு அத்துப்படி என்று ஒரு நினைப்பு அவருக்கு.

என் வாழ்நாளில் வராத கை வந்தது, மாமா. இஸ்பேடு ஆறு, ஏஸ் ராஜா ராணியோடு. ஆட்டினிலும் டைமனிலும் ஏஸ், ராஜா. கிளாவர் மட்டும் ஒற்றைச் சீட்டு. நீங்கள் சொல்லிக்கொடுத்தபடி இரண்டு கிளாவர் என்று தொடங்கினேன். காதுக்கு ஏதோ சின்ன ஏலம் மாதிரி இருக்கும். ஆனால் அதற்கும் கிளாவருக்கும் சம்பந்தமில்லை, என் கை நிறைந்திருக்கிறது, நிறுத்திவிடாதே என்று ஜோடிக்குச் சொல்வது. அவரிடம் ஒன்றுமே இல்லாவிட்டாலும் இரண்டு டைமன் என்று பதில் சொல்ல வேண்டும். அண்ணன் பாஸ் என்றார்; ஏலம் அங்கேயே நின்று கிளாவரே துருப்பாகிவிட்டது. ஒற்றைச் சீட்டை வைத்துக்கொண்டு கிளாவரில் ஆடினால் என்ன ஆகும்? மானம் கப்பலேறியது. அவர் சீட்டை மேஜையில் விரித்தால், என் ஆறோடு சேர நாலு இஸ்பேடு! குரு விழுந்து விழுந்து சிரித்தார்.

எனக்கு வந்ததே கோபம். ஏன் அண்ணா இப்படிச் செய்தீர்கள் என்று கத்திவிட்டேன். அவர் பரிதாபமாக, “கையில ஒண்ணுமே இல்ல தங்கச்சி. புளி ஏலத்துல காசில்லாதவன் வாயத் தொறந்தா அவன் தலையிலயே கட்டிருவாங்க. அதான் கம்முனு இருந்துட்டேன்” என்றார். ஒன்றுமில்லை என்பதையாவது வாய் திறந்து சொல்ல வேண்டாமா, எதிரில் இருப்பவள் எப்படி மேலே போவாள் என்று நான் பாட்டுக்குப் பொரிந்து தள்ளினேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே உங்கள் ஞாபகம் வந்து சீட்டைக் கீழே போட்டுவிட்டேன். டாக்டரம்மா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

போன தடவை லீவு முடிந்து, பெங்களூர் பஸ்ஸுக்கு நின்றபோது, பையைத் தோளில் மாட்டிக்கொண்டே கேட்டீர்களே, “நாம ஒரு கொழந்தயத் தத்தெடுத்துக்கலாமா மேகலை” என்று. நேரம் கேட்பதுபோலத்தான் கேட்டீர்கள். லீவு முழுக்க அதை மனதில் வைத்துக்கொண்டு அலைந்திருக்கிறீர்கள் என்று பஸ் போன பிறகுதான் புரிந்தது. அதன் பிறகு போனில் நான் கேஸ் சிலிண்டர் பேசினேன், மழை பேசினேன். நீங்களும் மறுபடி கேட்கவில்லை. போன வாரம், ஒப்பந்தத்தை இன்னும் மூன்று வருடம் நீட்டிக் கையெழுத்துப் போடட்டுமா என்றீர்கள். நான் பதில் சொல்லாததை வேண்டாம் என்று எடுத்துக்கொண்டீர்கள், அப்படித்தானே?

நான் வேண்டாம் என்று சொல்லவில்லை, மாமா. என்னிடம் ஒன்றுமில்லை, அவ்வளவுதான். சேலத்தில் குழந்தைக்காக வைத்தியம் பார்த்து இரண்டு முறை வெறுங்கையோடு வந்த பிறகு எனக்குத் தைரியம் என்று எதுவும் மிச்சமில்லை. பெறாத பிள்ளை மேல் பாசம் வருமா என்று தெரியவில்லை. உங்கள் சொந்தக்காரர்கள் விசேஷ வீட்டில் என்ன கேட்பார்களோ, அதுவும் தெரியவில்லை. அத்தையிடம் இதைச் சொல்ல எனக்கு வாய் வராது. நீங்கள் வந்து சொல்லுங்கள், நான் பக்கத்தில் நிற்கிறேன். ஆனால் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். நீங்கள் மேலே சொல்லுங்கள்.

அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். இங்கே கஞ்சியோ கூழோ குடித்துக்கொள்ளலாம்.

இன்னொன்று. நேற்று ஸ்கூட்டிக்குக் காற்றடிக்கப் போனேன். பக்கத்துக் கடையில், பிள்ளைகளை முன்னால் உட்கார வைக்க மாட்டுவார்களே, அந்தச் சின்ன சீட் தொங்கியது. சும்மாதான் விசாரித்தேன். கடைக்காரர், “கொழந்தைக்கு என்ன வயசுங்க?” என்றார். இன்னும் தெரியாதுங்க, அவங்கப்பா வரணும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

சீக்கிரம் வாருங்கள். தீர்த்தமலை சாமி உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உங்கள்
மணிமேகலை