வாய் கட்டிய சாக்கு

ஏப்ரல் 9, 2020, வியாழன்

காலையில் இரண்டு பேர் வந்து கதவில் ஒட்டியிருந்த தனிமை ஸ்டிக்கரைக் கிழித்துப் போனார்கள். முழுவதும் வரவில்லை. 'வெளிநாட்டிலிருந்து' என்ற சொல் மட்டும் பலகையோடு ஒட்டி நிற்கிறது. ஈரத்துணியால் தேய்த்தேன். போகவில்லை.

இனி நான் கடைக்குப் போகலாம். வீட்டுக்கு ஓர் அனுமதி அட்டை. எனக்கு வியாழனும் சனியும். மதியத்துக்குள் திரும்பிவிட வேண்டும்.

ஈப்போவில் என் ஆயுளில் பெரும்பகுதி நிருபர் வேலை. ஏலக்காய் வியாபாரத்தைப் பற்றி ஒரு புத்தகம் எழுதலாம் என்று போடியில் வாடகைக்கு வீடு பிடித்து வந்தேன். வந்த சில நாட்களில் எல்லாம் மூடிக்கொண்டது. சிறுவனாக இருந்தபோது கோலாலம்பூரில் ஒரு கலவர ஊரடங்கைப் பார்த்திருக்கிறேன். அதில் சத்தம் இருந்தது. இதில் இல்லை.

வந்து இறங்கிய அன்று இந்த ஊர் முழுக்க ஏலக்காய் மணத்தது. இன்று தெருவில் வெயில் வாசனை மட்டும். மலைக்கு ஆள் ஏற்றும் ஜீப்புகள் தார்ப்பாய் போர்த்தி வரிசையாக நிற்கின்றன. ஒன்றின் முன்சீட்டில் மயில் உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் போனேன். என்னைப் பார்த்தது. இறங்கவில்லை.

முத்துப்பாண்டியின் பலசரக்குக் கடை முன் குறுக்கே கயிறு கட்டியிருக்கிறார்.

"யாரு, மலேசியாக்காரரா? கயித்துக்கு அங்கிட்டே நில்லுங்க சார்."

"எனக்குத்தான் தனிமை முடிஞ்சிருச்சே."

"ஒங்களுக்கு முடிஞ்சிருச்சு. எனக்குப் பயம் முடியலயே."

சாமான்களை ஒரு ஸ்டூலில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். நான் எடுத்துக்கொண்டு தள்ளி வந்த பிறகுதான் அடுத்தவர் கயிற்றருகே வந்தார்.

ஏப்ரல் 11, சனி

பக்கத்து வீட்டு ஜெயபாக்கியம் சுவர் மேலாகக் கூப்பிட்டார். ஸ்டிக்கர் ஒட்டியிருந்த நாட்களில் இந்தத் தெருவே என் வாசலைச் சுற்றிக்கொண்டு போனது. இவர் மட்டும் தினமும் மதியம் தூக்குவாளியில் சோறும் குழம்பும் சுவரில் வைத்துவிட்டுத் தட்டுவார். இடுப்பெலும்பு முறிந்து கம்பி வைத்தவர். நாலு கால் கம்பைப் பிடித்துத்தான் நடக்கிறார்.

"அண்ணே, எனக்கு ஒரு சோலி செய்வீகளா?"

மகள் பொன்மணியும் மருமகன் எட்வர்டும் மலைக்கு மேலே, பூப்பாறைக்கு அந்தப் பக்கம், ஒரு ஏலத்தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், இருக்கிறார்கள். வாராவாரம் ஜீப்பில் ஒரு சாக்கு பலசரக்கு ஏறும். இப்போது ஜீப்பு இல்லை. கேரள எல்லையைத் தாண்டுவது காய்கறி லாரி மட்டும். அதன் டிரைவர் சுருளி கொண்டுபோக ஒத்துக்கொண்டிருக்கிறார். கடையில் வாங்கி வந்து, இவர் சாக்கில் போட்டுத் தைத்துக் கொடுப்பதை லாரியில் சேர்க்க ஓர் ஆள் வேண்டும்.

ஊதா நிறச் சேலையிலிருந்து கிழித்த ஒரு துண்டைச் சாக்கின் மூலையில் முடிந்தார். அந்த மூலையை இங்கே காது என்கிறார்கள். வீட்டுக்கு ஒரு துணி. அதைப் பார்த்துத்தான் எந்தச் சாக்கு யாருடையது என்று டிரைவர் கண்டுபிடிப்பாராம்.

சைக்கிளில் கட்டிக்கொண்டு போய்ச் சேர்த்தேன். ஊருக்கு உபயோகமாக ஒரு காரியம் செய்து பல நாளாகிறது.

ஏப்ரல் 16, வியாழன்

காலிச் சாக்கு திரும்பி வந்துவிட்டது. சுருளி லாரியிலிருந்து தூக்கிப் போட்டார். "வெரசா எடுத்துக்கங்க சார், போலீசு வந்துரும்."

வாயைச் சுருட்டி, அந்த ஊதாத் துணியாலேயே இறுக்கிக் கட்டியிருந்தது. நல்ல பிள்ளை, ஒழுங்காக அனுப்பியிருக்கிறாள் என்று நினைத்தேன். அவிழ்த்து, மடித்து, துணியை மேலே வைத்து ஜெயபாக்கியத்திடம் கொடுத்தேன். அவர் சாக்கை மடியில் போட்டு ரொம்ப நேரம் தடவிக்கொண்டிருந்தார். மகள் கைபட்டது என்றுதானே.

ஏப்ரல் 18, சனி

இரண்டாவது சாக்கு ஏறியது. நாட்டுச் சர்க்கரை கிடைக்கவில்லை. கருப்பட்டி வாங்கினேன்.

ஜெயபாக்கியத்தின் போனில் பேட்டரி உப்பிக் கிடக்கிறது. கடைகள் பூட்டு. என் போனிலிருந்து பொன்மணிக்குப் போட்டேன். முதலில் யாரோ இருமுகிறார்கள். அரசாங்க அறிவிப்பு அப்படித்தான் ஆரம்பிக்கிறது. பிறகு ஒரு பெண் மலையாளத்தில், நீங்கள் அழைத்தவர் எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்கிறாள். மறுபடி போட்டேன். மறுபடி இருமல்.

ஏப்ரல் 23, வியாழன்

சாக்கு வந்தது. மறுபடி வாய் கட்டி. கடை வாசலிலேயே அவிழ்க்கப் போனேன். கயிற்றுக்கு உள்ளேயிருந்து முத்துப்பாண்டி வெளியே வந்தார். இத்தனை நாளில் அவர் கயிற்றைத் தாண்டியதை இன்றுதான் பார்த்தேன்.

"சார். அது இப்படித்தான் வந்துச்சா?"

"ஆமா. போன தடவையும்."

"ஜெயபாக்கியம் பாத்துச்சா?"

"நான் அவிழ்த்துத்தான் கொடுத்தேன்."

அவர் முகக்கவசத்தைக் கீழே இறக்கினார். துணி காதிலேயே இருந்தால் நிரப்பி அனுப்பு என்று அர்த்தம். வாயைக் கட்டி வந்தால் வீட்டில் ஆள் இல்லை, இனி போடாதே. மலைக்குச் சாமான் போகும் எல்லா வீட்டுக்கும் இதுதான் வழக்கம்.

"திருவிழாவுக்கு ஊருக்கு வந்தாலும் கட்டி விடுவாக. தோட்டத்த விட்டுப் போனாலும் கட்டுவாக." கட்டைக் கைநீட்டிக் காட்டினார். "செத்தாலும் கட்டுவாக சார்."

திருவிழா எதுவும் இல்லை. பொன்மணி ஊருக்கு வரவும் இல்லை.

சுருளியைக் கேட்டேன். "நான் ஆளக் கண்டதில்ல சார். நாலு ரோட்டு முக்குல, அங்க கவலைன்னு சொல்லுவாக, ஒரு பூட்டின கட இருக்கு. அதுல வச்சிட்டுப் போயிருவேன். மறுவாட்டி போகையில காலிச் சாக்கு கெடக்கும்."

ஆள் இல்லாத வீடு என்றால் சாமானை யார் எடுக்கிறார்கள்? எடுத்துவிட்டு, ஆள் இல்லை என்று யார் கட்டி அனுப்புகிறார்கள்? அதுவும் இரண்டு தடவை?

அவிழ்த்தேன். மடித்தேன். சுவருக்கு மேலே கொடுத்தேன். ஒன்றும் சொல்லவில்லை. எத்தனை வீட்டுக் கதவைத் தட்டி, எத்தனை பேரிடம் சாவைச் சொல்லியிருக்கிறேன். தொழில் அது. இந்தச் சுவர் என் இடுப்புயரம்தான் இருக்கிறது. சொல்ல வரவில்லை.

ஏப்ரல் 25, சனி

இன்று அவர் சாக்கைத் தைப்பதற்கு முன், பருப்புப் பொட்டலத்துக்கு அடியில் என் சீட்டு ஒன்றை வைத்தேன். சாக்கை எடுப்பவர் யாராக இருந்தாலும் இந்த எண்ணுக்குக் கூப்பிடவும். பொன்மணி எங்கே? என் கையெழுத்து கோணலாக இருந்தது. மறுபடி எழுதினேன்.

தேவாரம் பக்கம் யானை தோட்டங்களைத் தாண்டி ரோட்டுக்கே வந்துவிட்டதாம். மனிதர்கள் எங்கே போனார்கள் என்று பார்க்க வந்திருக்கும் என்றார் முத்துப்பாண்டி. சிரிக்கவில்லை.

ஏப்ரல் 28

போன் வரவில்லை.

ஏப்ரல் 30, வியாழன்

வாய் கட்டியிருந்தது. உள்ளே என் சீட்டு. நான் மடித்த மடிப்பிலேயே, கசங்காமல். சாக்கில் புகை வாசனை. யாரோ அடுப்பு மூட்டுகிற வீட்டிலிருந்துதான் வந்திருக்கிறது.

பிரித்துப் படிக்கவில்லையா, படித்துவிட்டுத் திருப்பி மடித்தார்களா? வீட்டுக்குக் கொண்டுவரும் வழியில் ஒரு மனிதரைக்கூடப் பார்க்கவில்லை. திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தேன். எதற்கு என்று தெரியவில்லை.

மே 3, ஞாயிறு

மதியம் சோறு கொடுக்கும்போது ஜெயபாக்கியம் தூக்குவாளியை விடாமல் பிடித்துக்கொண்டார்.

"அண்ணே, எத்தன நாளைக்கு நீங்களும் சொல்லாம நானும் கேக்காம?"

நான் தூக்குவாளியிலிருந்து கையை எடுத்தேன்.

"மொத வாரமே தெரியும். சணல் சாக்க இறுக்கிக் கட்டுனா வரி விழும்ல. நீங்க அவுத்துட்டா வரி போயிருமா?" சாக்கை விரித்துக் காட்டினார். வாயைச் சுற்றி மோதிரம் போலத் தேய்ந்த தடம். "ஆசாரி வேல மாதிரி அம்புட்டு ஒழுங்கா மடிச்சுத் தந்தீக. அதுலயே தெரிஞ்சுபோச்சு."

"பிறகு ஏன் அனுப்பினீங்க?"

"நிப்பாட்டுனா அவ இல்லன்னு நான் ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும்ல."

துணியில் முடிச்சின் சுருக்கங்களை எண்ணெய்க் கையால் நீவிக்கொண்டே சொன்னார்: "இதப் போட்டது பொன்மணி இல்ல. அவ இடதுகைக்காரி. முடிச்சு அங்கிட்டுத் திரும்பும். இது இங்கிட்டுத் திரும்புது. எட்வர்டு முடிச்சும் இல்ல. அவன் முடிச்சு நிக்கவே நிக்காது."

அப்படியானால் யார்?

"யாரா இருந்தா என்ன. சனிக்கிழம வெங்காயம் கூடப் போடணும்."

மே 9, சனி

வெங்காயம் வாங்கினேன். சாக்கு ஏறியது.

மே 21, வியாழன்

வாய் கட்டித்தான். இப்போது நான் அவிழ்ப்பதில்லை. அப்படியே கொடுக்கிறேன். அவரும் அப்படியே வாங்கிக்கொள்கிறார். இது ஒரு கடிதப் போக்குவரத்து மாதிரி ஆகிவிட்டது. ஒரு பக்கம் அரிசி, பருப்பு, புளி. மறுபக்கம் ஒரே பதில்.

ஜூன் 2, செவ்வாய்

விடிந்ததும் பக்கத்து வீட்டில் பேச்சுக்குரல். ஜெயபாக்கியம் ஏதோ கேட்கிறார். யாரோ பதில் சொல்கிறார்கள். தனியாக இருக்கும் பெண்மணி. தனக்குத்தானே பேச ஆரம்பித்துவிட்டாரா? வாசலுக்கு வந்தேன். அவர் கதவில் புது ஸ்டிக்கர்.

சுவருக்கு அந்தப் பக்கம் பொன்மணி நின்றிருந்தாள். மெலிந்திருந்தாள். இடது கையால் தலைமுடியை ஒதுக்கினாள்.

"வராதீங்க மாமா. அங்கிட்டே நில்லுங்க."

மார்ச் கடைசியில் எட்வர்டுக்குக் காய்ச்சல். உடுத்திய துணியோடு இருவரையும் வண்டியில் ஏற்றி, மலைக்கு அந்தப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வைத்திருக்கிறார்கள். போன் வீட்டில் பெட்டிக்குள். மற்றவர்கள் போனிலிருந்து அம்மாவுக்கு அடித்தால் அம்மா போன் செத்துக் கிடந்தது. விட்ட பிறகும் தோட்டத்துக்குத் திரும்ப வண்டியில்லை, எல்லை தாண்ட அனுமதியும் கிடைக்கவில்லை. போன வாரம்தான் கிடைத்தது. எட்வர்டு அங்கேயே ஒரு மாட்டுப்பண்ணையில் வேலைக்கு நிற்கிறான்.

"அப்ப சாக்கு?" என்றேன்.

"புத்னிதான், மாமா. எங்க அடுத்த ரூம்பு. ஜார்கண்டுப் பிள்ளை. கூட வந்தவுக முன்னாடியே போயிட்டாக, இவ நின்னுபோனா. லயத்துல நம்மாளுக எல்லாம் காட்டுப் பாதையில எறங்கிட்டாக. கோழிக்குத் தீனி போடச் சொல்லிச் சாவியக் குடுத்துட்டுப் போனேன். அம்புட்டுத்தேன். நம்ம துணியப் பாத்து எங்க வீட்டுச் சாக்குன்னு எடுத்துருக்கா. சமைச்சுத் தின்னுருக்கா. அடியில கெடந்த தமிழ்ச் சீட்டப் படிக்கத் தெரியாம அப்படியே திருப்பி வச்சுட்டாளாம்."

"வாயைக் கட்டினது?"

"அவுக ஊர்ல காலிச் சாக்குல பூச்சி எறங்காம அப்படித்தேன் கட்டுவாகளாம். நம்ம கட்டப் பத்தி அவ என்னத்தக் கண்டா? சாமான் எடுக்க வீட்டுக்குப் போனப்ப நான்தேன் சொல்லிக் குடுத்தேன். காதுல கட்டுனா சாமான் வேணும், வாயக் கட்டுனா ஆளே இல்லன்னு. கேட்டதும் அழுதுட்டா. இத்தன வாரமும் நீ செத்துட்டன்னா சொல்லிட்டிருந்தேன்னு கேட்டா."

ஜெயபாக்கியம் கம்பைப் பிடித்து நின்றபடி எல்லாவற்றையும் கேட்டார். கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டார்.

"கோழி?"

"அதத் தொடல ஆத்தா. இப்ப அடைக்கு உக்காந்துருக்கு."

"கூறு கெட்டவ. அடிச்சுத் தின்னுருக்கலாம்ல." மூக்கை உறிஞ்சிக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "அண்ணே, அந்த ஊர்க்காரக என்ன திம்பாக? கேட்டு வாங்கியாங்க."

ஜூன் 6, சனி

"கடுகெண்ணெயா?" என்றார் முத்துப்பாண்டி. "அத வெளக்குக்குக்கூட ஊத்த மாட்டோம் சார்." ஆனாலும் உள்ளே போய் ஒரு பாட்டிலைத் தூசி தட்டி எடுத்து வந்தார்.

ஊதாத் துணி பொன்மணி வீட்டுடையது. புத்னிக்குத் தனியாக ஒன்று வேண்டும் என்றார் ஜெயபாக்கியம். ஈப்போவிலிருந்து கொண்டுவந்த என் மெழுகுச்சாய பாத்திக் கைலியின் ஓரத்தைக் கிழித்துக் கொடுத்தேன். பழுப்பில் நீலப் பூ. இந்த மலையில் வேறு யாரிடமும் இருக்காது.

ஜூன் 11, வியாழன்

நீலப் பூ காதில். நிரப்பி அனுப்பு.

ஜூன் 18, வியாழன்

காதில்தான். கோலாலம்பூருக்குச் சென்னையிலிருந்து விமானம் விடுகிறார்களாம். இன்னும் பெயர் கொடுக்கவில்லை.

ஜூன் 27, சனி

மழை. மலை தெரியவில்லை. அரிசி, உருளைக்கிழங்கு, கடுகெண்ணெய் பாட்டில் இன்னொன்று. முத்துப்பாண்டி எனக்காகவே வரவழைத்திருக்கிறார். கயிறு இன்னும் இருக்கிறது. ஆனால் பாட்டிலைக் கையில் கொடுத்தார்.

ஜூலை 2, வியாழன்

சுருளி இன்று சாக்கை எறியவில்லை. இறங்கி வந்து கையில் கொடுத்தார். பாத்திக் துணியால் வாயை இறுக்கிக் கட்டியிருந்தது.

"வடக்கத்தி ஆளுகள ஏத்த ஒரு வண்டி வந்துச்சாம் சார். ரயிலுக்கு. விடியங்காட்டி வந்து விடியங்காட்டியே போயிருச்சாம். லயம் வரைக்கும் போய்ப் பாத்தேன். ஒரு அடுப்புலயும் புகையில்ல."

அவிழ்க்காமல் கொண்டுவந்தேன். தெருவில் ஜீப்புகளின் தார்ப்பாய் நனைந்து கறுத்திருந்தது. சைக்கிளில் சாக்கு எடையே இல்லாமல் ஆடியது. ஆனால் உள்ளே ஏதோ சைக்கிள் கம்பியில் தட்டிக் கிணுகிணுத்தது.

ஜெயபாக்கியமும் பொன்மணியும் சுவரருகே நின்றார்கள். பொன்மணிதான் அவிழ்த்தாள். சாக்கைத் தலைகீழாக உதறினாள். லயத்து வீட்டுச் சாவி விழுந்தது.

சொல்லிக் கொடுத்ததைப் புத்னி சரியாகச் செய்திருக்கிறாள்.

சனிக்கிழமை கடைக்குப் போக வேண்டியதில்லை.