பூமாரி பேருக்கு ஒரு பெர்த்

லோயர் கேம்ப்,
11.11.1985

அன்புள்ள அத்தைக்கு,

வைகுண்டராஜ் எழுதுறேன். நலம்னு எழுதத் தோணல. சாப்பிடுறேன், டூட்டிக்குப் போறேன். பவர் ஹவுஸ்ல மணிக்கு ஒருக்கா ரீடிங் எழுதுறேன். பூமாரி போயி அம்பத்தெட்டு நாள்ல ஒரு ரீடிங் பிசகல. அதுதான் எனக்கே பயமா இருக்கு.

வேற ஆளு சொல்லி நீங்க கேக்குறதுக்கு முந்தி ஒண்ணு சொல்லிர்றேன். கொச்சியிலருந்து லட்சத்தீவு போற சின்னக் கப்பல்ல ஜனவரிக்கு ரெண்டு பெர்த் கேட்டு ஆவணியில மனு போட்டிருந்தோம். அஞ்சு நாள், மூணு தீவு. பாரத்தை அவதான் நிரப்புனா. ஜன்னல் பக்கம் வேணும்னு ஓரத்துல எழுதுனா. "கப்பல் ஜன்னல் தட்டு அகலம்தான் இருக்கும்டீ"ன்னேன். "என் மூஞ்சி அதுக்குள்ள அடங்கும், உங்களுதுதான் அடங்காது"ன்னா.

தீவுக்குப் போக பெர்மிட் வேணும், அதுக்குப் போலீஸ் விசாரணை. போன வியாழக்கிழமை ஏட்டு வந்தாக. "வீட்டம்மா எங்கன?"ன்னு கேட்டாக. "அம்மா வீட்டுக்குப் போயிருக்கா, மார்க்கையன்கோட்டை"ன்னுட்டேன்.

ஏன் சொன்னேன்னு தெரியல. அவுகளும் எழுதிக்கிட்டுப் போயிட்டாக. ஸ்டேஷனுக்குப் போய் நெசத்தச் சொல்லணும். பெர்த்தை ரத்துப் பண்ண இறப்புச் சான்றிதழ் வேணுமாம். அத நான் இன்னும் வாங்கல.

உங்க மருமகன்,
வைகுண்டராஜ்


மார்க்கையன்கோட்டை,
15.11.1985

மாப்ளைக்கு,

உங்க லெட்டர் நேத்து வந்துச்சு. போலீசு அதுக்கு முந்துன நாளே வந்துட்டாக.

நான் நெல்லு காயப்போட்டுக்கிட்டு இருந்தேன். சைக்கிள நிப்பாட்டிட்டு, "உங்க மக இங்கன வந்திருக்காகளாம்ல?"ன்னு கேட்டாக. எனக்கு உங்க மேல அப்பிடி ஒரு ஆத்திரம். ஆனா வாயில வந்தது வேற. "ஆமா, வாய்க்காலுக்குக் குளிக்கப் போயிருக்கா"ன்னுட்டேன். "வர நேரமாகுமா?"ன்னாக. "அவ தண்ணியக் கண்டா லேசுல கரையேற மாட்டா"ன்னேன். மோர் குடுத்தேன், குடிச்சாக. அந்தக் கால் மணி நேரமும் எனக்கு அவ வாய்க்கால்லதான் இருந்தா மாப்ள. பக்கத்து வீட்டு ஜக்கம்மா எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு நின்னா. என்னையக் காட்டிக் குடுக்கல.

ஸ்டேஷனுக்குப் போயிட்டீகளா? போகலைன்னா, ரெண்டு நாள் பொறுங்க.

அத்தை,
சங்கிலியம்மாள்


லோயர் கேம்ப்,
5.12.1985

அத்தைக்கு,

ஸ்டேஷனுக்குப் போகல. நேத்து பெர்மிட் வந்துருச்சு, ரெண்டு. ஒண்ணுல அவ பேரு, வயசு இருபத்திமூணுன்னு டைப் அடிச்சு சீல் வச்சிருக்கு. ஜனவரி ஒம்பதாந்தேதி காலையில அவ கொச்சியில கப்பல் ஏறணும். ரெண்டு பேரும் வாறோம்னு இருபதாந்தேதிக்குள்ள எழுதிக் குடுக்கணும். பேனாவ எடுத்தா 'வாறோம்'னும் எழுத வரல, 'அவ வரல'ன்னும் எழுத வரல.

நான் ஏட்டுக்கிட்ட சொன்னது முழுப் பொய் இல்ல அத்தை. அவ அம்மா வீட்டுக்குத்தான் போனா. காச்சலோட நான்தான் பஸ் ஏத்திவிட்டேன். இங்க ஒரு ஜெனரேட்டரக் கழட்டிப் போட்டிருந்தாக. லீவு கேட்டிருந்தா குடுத்திருப்பாக. நான் கேக்கல. "போயிச் சேந்ததும் லெட்டர் போடு"ன்னேன். "சரி சரி, போயி உங்க நட்டு போல்ட்டப் பாருங்க"ன்னா. ஆறாம் நாள் தந்திதான் வந்துச்சு.

இதப்பத்தி நீங்க இதுவரைக்கும் ஒரு வார்த்தை கேக்கல. கேட்டுருங்க. அதுக்கப்புறந்தான் எனக்கு எதுலயும் கையெழுத்துப் போட வரும்.

வைகுண்டராஜ்


மார்க்கையன்கோட்டை,
12.12.1985

மாப்ள,

கேக்கச் சொன்னீக, கேக்குறேன். காச்சக்காரிய எதுக்குத் தனியா அனுப்புனீக? உங்க மிஷினு ஒருநாள் நின்னா சீமையே இருட்டாயிருமா?

கேட்டுட்டேன், ஆறல. அடுத்து என்னையக் கேக்க வேண்டியிருக்கு. வந்தவளுக்கு நாலு நாள் கசாயத்தக் காச்சிக் குடுத்துட்டு, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகாம இருந்தவ நான். அத நீங்களும் கேக்கலையே.

நேத்து ஸ்டேஷனுக்குப் போயி, என் மக செத்துப்போயிட்டா, நான் சொன்னது பொய்யின்னேன். அன்னைக்கு மோர் குடிச்ச ஏட்டு நல்லா வஞ்சாக. வஞ்சு முடிச்சுட்டு, "உக்காருங்கம்மா"ன்னாக. பெறகு பஞ்சாயத்து ஆபீசுல சான்றிதழும் வாங்கிட்டேன். இதோட வச்சிருக்கேன். அவ பெர்த்த ரத்துப் பண்ணுங்க. உங்க பெர்த்துல நீங்க போயிட்டு வாங்க.

திரும்பையில குமுளியிலருந்து பஸ்ஸுல வருவீகல்ல, லோயர் கேம்ப்ல எறங்காதீக. அன்னைக்கு அவள ஏத்திவிட்டுட்டு நீங்க ஏறாம விட்ட ரூட்டுதான் அது. நம்ம ஊருக்கு எறங்குற சின்னமனூர் வரைக்கும் டிக்கெட் எடுத்து உக்காந்து வாங்க. என்னைக்குன்னு மட்டும் ஒரு வரி எழுதுங்க. ஸ்டாண்டுல வந்து நிக்கேன்.

அத்தை,
சங்கிலியம்மாள்